சரக்கு வண்டியில் சட்டப்படி என்னென்ன எழுத வேண்டும்?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். செக்கு எண்ணெய் வியாபாரத்துக்காக 2020 மாடல் சின்ன சரக்கு வண்டி ஒன்றைப் பழசாக வாங்கியிருக்கிறீர்கள். அடுத்த மாதம் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்ட வேண்டும். புரோக்கர் ஒரு நீளமான பட்டியலைக் கையில் கொடுத்து, இதெல்லாம் எழுதியிருந்தால்தான் பிரேக் இன்ஸ்பெக்டர் பாஸ் பண்ணுவார் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பட்டியலில் என்.பி. (நேஷனல் பர்மிட்) இருக்கிறது, 'சவுண்ட் ஹாரன்' இருக்கிறது, பெட்ரோல் டேங்கரில் இருப்பது போன்ற எச்சரிக்கைப் பலகைகூட இருக்கிறது. எழுத்து என்ன அளவு, தமிழில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு நிஜமாகத் தெரிய வேண்டியது வேறு: இந்தப் பட்டியலில் எது சட்டம், எது வழக்கம், எது புரோக்கர் தன் கணக்கில் சேர்த்தது? ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

நான் வக்கீல் இல்லை, எழுத்துப் பெயின்டர். சங்ககிரிப் பக்கம் பாடி கட்டும் பட்டறைகளில் இருபத்தாறு வருடம் பிரஷ் பிடித்தவன்; கடைசிப் பத்து வருடம் ரேடியம் ஸ்டிக்கர் வெட்டும் மெஷினும் கூடச் சேர்ந்துகொண்டது. ஆரம்பத்தில் ஓனர் சொன்னதை எழுதுவேன், அவ்வளவுதான். நான் எழுதிய வண்டிகள் சில எஃப்.சி.யில் திரும்பி வந்து, ஓனர்களிடம் பேச்சு வாங்கிய பிறகுதான் விதிப் புத்தகத்தை வாங்கிப் படிக்க ஆரம்பித்தேன். தமிழ்நாட்டு வண்டிகளை வைத்தே பேசுகிறேன். மத்தியச் சட்டமும் மத்திய விதிகளும் நாடு முழுக்க ஒன்று. ஆனால் மாநில விதி ஊருக்கு ஊர் வேறு. கேரளப் பதிவு வண்டிக்கோ கர்நாடகப் பதிவு வண்டிக்கோ என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சந்தேகமே இல்லாத விஷயத்திலிருந்து தொடங்கலாம். அது பதிவு எண். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 50-ஆம் விதி எண்ணை எங்கே, எப்படிக் காட்டுவது என்று சொல்கிறது. 51-ஆம் விதி அளவைச் சொல்கிறது. நான்கு சக்கரமும் அதற்கு மேலும் உள்ள வண்டிக்கு எழுத்தின் உயரம் 65 மில்லிமீட்டர், கோட்டின் கனம் 10, எழுத்துக்கு எழுத்து இடைவெளி 10. மூன்று சக்கர வண்டி என்றால், 500 சிசி வரைக்கும் 35, 7, 5. அதற்கு மேல் போனால் உயரம் 40. எழுத்து ஆங்கிலத்தில், எண் 1, 2, 3 என்று நாம் வழக்கமாக எழுதும் எண்களில் இருக்க வேண்டும். சரக்கு வண்டி, பஸ் போன்ற போக்குவரத்து வண்டிக்கு மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து. மின்சார வண்டியாக இருந்தால் பச்சையில் மஞ்சள். முன்னும் பின்னும் மட்டும் போதாது. போக்குவரத்து வண்டிக்குப் பாடியின் இடது பக்கமும் வலது பக்கமும் எண் இருக்க வேண்டும். இந்தப் பக்கவாட்டு எண்ணைத்தான் பழைய வண்டி வாங்குகிறவர்கள் மறந்துபோகிறார்கள். முந்தைய ஓனர் கேபினுக்குப் புது பெயின்ட் அடித்து விற்றிருப்பார், அதோடு எண்ணும் மறைந்திருக்கும். உங்கள் வண்டியில் அதை முதலில் பாருங்கள்.

முன், பின் பிளேட் விஷயத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு இப்போது வேலையே கிடையாது. 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளுக்கெல்லாம் உயர் பாதுகாப்பு எண் பலகை உண்டு. உங்களுடையது 2020 மாடல் என்பதால் அதோடுதான் ஷோரூமை விட்டு வந்திருக்கும். அலுமினியத் தகடு, எழுத்து புடைத்திருக்கும், இடது மூலையில் அசோகச் சக்கர ஹாலோகிராம், நீலத்தில் நாட்டின் சுருக்கப் பெயர், லேசரில் பொறித்த தனி எண், கழற்றினால் உடைந்துபோகிற பூட்டு. கண்ணாடியின் உள்பக்கம் மூன்றாவது பலகையாக ஒரு ஸ்டிக்கரும் இருக்கும். பின்பிளேட் நெளிந்திருக்கிறது, ஸ்டிக்கரில் புதுசு அடித்து மாட்டிவிடலாம் என்று புரோக்கர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். என் கடைக்கு வந்தாலும் இதே பதில்தான். டீலர் மூலமாக மாற்றுப் பலகைக்குப் பதிந்து வாங்குங்கள். பதிந்த ரசீதை வண்டியிலேயே வைத்திருங்கள். பின் எண்ணுக்கு மேலே உள்ள சின்ன வெள்ளை விளக்கும் எரிய வேண்டும். இரவில் 15 மீட்டர் தூரத்திலிருந்து எண்ணைப் படிக்க முடிய வேண்டும் என்பது விதி. பல்பு போன விஷயத்துக்காகத் திரும்பி வந்த வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எண்ணை வைத்து விளையாடுவதும் கூடாது. 8055 என்ற எண்ணை ஆங்கிலத்தில் 'பாஸ்' (BOSS) என்று படிக்கிற மாதிரி எழுதித் தரச் சொல்லி என்னிடமே வந்திருக்கிறார்கள். சாய்வெழுத்து, நிழல் விட்ட எழுத்து, எண்ணுக்கு நடுவில் வேலோ சிலுவையோ பிறையோ, எதுவும் விதிக்குள் வராது. சாதாரணமாக இதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆம் பிரிவில் முதல் முறை 500 ரூபாய், மறுபடி மாட்டினால் 1,500 ரூபாய் அபராதம். தொகை பெரிதில்லை. ஆனால் எஃப்.சி. அன்றைக்கு அது ஒரு நாள் ஓட்டத்தைச் சாப்பிட்டுவிடும்.

அடுத்தது எடை. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பெரிய தொல்லைகளெல்லாம் இங்கேதான் வருகின்றன. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 58-ஆம் பிரிவு போக்குவரத்து வண்டிகளுக்கென்றே உள்ளது. வண்டியின் காலி எடை, ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள டயரின் எண்ணிக்கை, வகை, அளவு, வண்டியின் மொத்த எடை, ஒவ்வொரு அச்சுக்கும் பதிவான எடை, பயணிகளை ஏற்றும் வண்டியென்றால் எத்தனை பேர் என்பதையெல்லாம் ஆர்.டி.ஓ. பதிவேட்டிலும் ஆர்.சி.யிலும் (வண்டியின் பதிவுச் சான்றிலும்) ஏற்ற வேண்டும். அதே விவரங்களை ஓனர் வண்டியின் மேல் எழுதிக் காட்ட வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இந்த 'அதே விவரங்கள்' என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஆர்.சி.யில் என்ன இருக்கிறதோ அது, கிலோ மாறாமல், வண்டியில் இருக்க வேண்டும். எடைமேடைச் சீட்டில் உள்ளதையோ, கம்பெனி விளம்பரத்தில் உள்ளதையோ, பக்கத்து வண்டியில் பார்த்ததையோ எழுதக் கூடாது.

லோடு எடை, அதாவது பி.எல். என்று எழுதுகிறோமே, அது இந்தப் பட்டியலில் இல்லை. மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் வருவது அது. வழக்கத்தில் எல்லோரும் எழுதுகிறார்கள், எழுதினால் நல்லதும்கூட. ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. சட்டத்தில் காலி எடை என்பது வண்டியோடு வழக்கமாக இருக்கும் சாமான்கள் சேர்ந்தது. டிரைவரும் கிளீனரும் அதில் சேர மாட்டார்கள். உதாரணத்துக்கு ஆர்.சி.யில் மொத்த எடை 2,500, காலி எடை 1,300 என்று வைத்துக்கொள்வோம். கழித்தால் 1,200. அந்த 1,200-க்குள் டிரைவர், கூட வருகிறவர், அவர்களின் சாப்பாட்டுத் தூக்கு எல்லாம் அடக்கம். பதினைந்து கிலோ எண்ணெய் டின்னை எண்பது ஏற்றலாம் என்று கணக்குப் போடுகிறவர் இரண்டு ஆள் எடையையும் தகர டின்னின் எடையையும் விட்டுவிடுகிறார். அதிக லோடுக்கு இப்போது 20,000 ரூபாயும், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். சின்ன வண்டிக்கும் அதே தொகைதான்.

பழைய வண்டி வாங்கிய உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். முந்தைய ஓனர் மேலே கம்பிக் கூடு கட்டியிருப்பார், தரையில் தகடு அடித்திருப்பார், பக்கப் பலகையை உயர்த்தியிருப்பார். இதனால் காலி எடை கூடியிருக்கும், ஆர்.சி. மட்டும் பழைய எடையையே சொல்லும். ஒரு முறை காலி வண்டியை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். வித்தியாசம் கணிசமாக இருந்தால் பெயின்டரிடம் வராமல் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போங்கள், மாற்றத்தை ஆர்.சி.யில் பதிந்த பிறகு எழுதுவதுதான் முறை. டயரும் இப்படித்தான். நைலான் டயர் போட்ட லாரியில் ரேடியல் வகை டயர் மாற்றுகிறார்கள், 10.00-20 என்று எழுதியிருக்கும், ஓடுவது 295/90 ஆர் 20 டயரில். இன்ஸ்பெக்டர் குனிந்து டயரையும் பார்ப்பார், நிமிர்ந்து எழுத்தையும் பார்ப்பார்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். அரிசி மூட்டை ஏற்றும் வண்டி ஒன்றில் காலி எடையையும் லோடு எடையையும் இடம் மாற்றி எழுதிவிட்டேன். ஓனர் பார்க்கவில்லை, டிரைவர் பார்க்கவில்லை, நான் பார்க்கவே இல்லை. இன்ஸ்பெக்டர் பார்த்தார். "இந்த வண்டி காலியா நிக்கும்போது பத்து டன்னா?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து ஆர்.சி.யின் நகலைக் கண்ணெதிரே ஒட்டி வைத்துக்கொள்ளாமல் பிரஷைத் தொடுவதில்லை.

2018 ஜூலையில் மத்திய அரசு அச்சு எடை வரம்பை உயர்த்தியபோது எங்கள் பட்டறைத் தெருவே திருவிழா மாதிரி இருந்தது. முன்னால் இரண்டு டயர், பின்னால் நான்கு டயர் உள்ள லாரிக்கு மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னானது. அறிவிப்பு வந்த வாரமே ஓனர்கள் வந்து, 16200-ஐ அழித்துவிட்டு 18500 என்று எழுதச் சொன்னார்கள். ஆர்.சி.யில் ஏறிவிட்டதா என்று கேட்டால், டிவியில் சொல்லிவிட்டார்களே என்பார்கள். நான் எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டு கடை தள்ளி எழுதிக் கொடுத்தார்கள். எழுதி வாங்கிக்கொண்டு போன ஒருவர் வெளிமாநிலச் செக்போஸ்ட்டில் மாட்டினார். கதவில் ஒரு எடை, ஆர்.சி.யில் ஒரு எடை. அபராதம் அதிக லோடுக்காகத்தான் போட்டார்கள். ஆனால் கதவைக் காட்டி அவர் பேசிய பேச்சு எடுபடவில்லை. வண்டி மேல் எழுதுவதால் எந்த உரிமையும் வந்துவிடாது; அது ஆர்.சி.யின் நகல் மட்டும்தான்.

பெரிய லாரிகளின் கதவில் ஆர்.எல்.டபிள்யூ. என்றும் சிலவற்றில் ஜி.வி.டபிள்யூ. என்றும் இருப்பதைப் பார்த்துக் குழம்பியிருக்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதான். முன்னது 'பதிவு செய்த பார எடை'. 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொல். இப்போதைய 1988 சட்டம் 'மொத்த வாகன எடை' என்கிறது. பெயின்டர்களின் கை பழக்கத்தை விடாததால் பழைய சொல் இன்னும் ஓடுகிறது. நெற்றியில் 'பப்ளிக் கேரியர்' என்று எழுதுவதும் அந்த வகை. வாடகைக்கு ஓடும் லாரிக்கு ஒரு பர்மிட், சொந்தச் சரக்கு ஏற்றும் லாரிக்கு இன்னொரு பர்மிட் என்று பழைய சட்டத்தில் இரண்டு இருந்தன. 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இப்போதைய சட்டத்தில் அந்தப் பிரிவினை கிடையாது. எல்லாமே சரக்கு வாகனம். சட்டம் போய் முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் எழுத்து போகவில்லை. உங்கள் வண்டிக்கு 'கூட்ஸ் கேரியர்' என்று எழுதுவது வழக்கம், எழுதிக்கொள்ளுங்கள். 'பப்ளிக் கேரியர்' வேண்டாம்.

என்.பி. பற்றி. நேஷனல் பர்மிட் வாங்கிய வண்டிகள்தான் அதை எழுத வேண்டும், எழுதியே ஆக வேண்டும். 2018 நவம்பரில் வந்த திருத்தப்படி 'நேஷனல் பர்மிட்' என்றோ, சுருக்கமாக என்.பி. என்றோ வண்டியின் முன்னும் பின்னும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். டிரெய்லரில் பின்னாலும் இடது பக்கமும். அதற்கு முந்தைய விதியில் இந்த வண்டிகளுக்குக் காய்ந்த இலையின் பழுப்பு நிறம் அடித்து, வெள்ளைக் கரை விட்டு, இரண்டு பக்கமும் 60 சென்டிமீட்டர் வட்டம் போட்டு, அதற்குள் எழுத வேண்டும். ஆணியில் நூலைக் கட்டி வட்டம் போட்டுப் போட்டுத்தான் நான் தொழிலே கற்றுக்கொண்டேன். சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பர்மிட்டே தேவையில்லை என்று சட்டத்தின் 66-ஆம் பிரிவு விலக்குக் கொடுத்திருக்கிறது. நீங்கள் சொன்ன வகை வண்டிகள் பெரும்பாலும் அதற்குள்தான் வரும், ஆனாலும் ஆர்.சி.யில் மொத்த எடை என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். 3,000-க்குள் இருந்தால் பர்மிட் எண்ணும் எழுத வேண்டாம், என்.பி.யும் வேண்டாம். இல்லாத பர்மிட்டை எழுதிக்கொண்டு சுற்றினால் முதல் செக்கிங்கிலேயே அதைக் காட்டச் சொல்வார்கள்.

எச்சரிக்கைப் பலகை புரோக்கரின் கற்பனை. 'எண்ணெய் வண்டி' என்று கேட்டதும் அவருக்கு டேங்கர் நினைவுக்கு வந்திருக்கும். அபாயகரமான பொருள் ஏற்றும் வண்டிகளுக்கு விதி 134 இருக்கிறது. மூன்று இடங்களில் பலகை வேண்டும். பொருளின் சரியான பெயர் 50 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில், ஐ.நா. வகை எண் 100 மில்லிமீட்டருக்குக் குறையாமல், சாய்சதுர வகைச் சின்னம் 250 மில்லிமீட்டர் சதுரம், அவசர உதவிக்கான தொலைபேசி எண், சரக்கை அனுப்பியவரின் தொலைபேசி எண். பெட்ரோல் டேங்கரில் 1203 என்று நீங்கள் பார்த்திருப்பது பெட்ரோலுக்கு உலகம் முழுக்க உள்ள ஐ.நா. எண், டீசல் 1202, சமையல் கேஸ் 1075. விபத்து நடந்தால் தீயணைப்பு வீரர் தூரத்திலிருந்தே பார்த்து, தண்ணீர் அடிப்பதா நுரை அடிப்பதா என்று முடிவு செய்வதற்கான பலகை அது. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் அந்தப் பட்டியலில் வரும் சரக்குகள் இல்லை. அலங்காரத்துக்குக்கூட அதை மாட்டாதீர்கள். விபத்தில் தப்பான தகவல் ஆளைக் கொல்லும்.

தமிழில் எழுதலாமா என்ற கேள்விக்கு இரண்டாகப் பிரித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். பதிவு எண்ணை ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும், இதில் இடமே இல்லை. 'தநா' என்று தமிழில் எழுதிய பிளேட்டுக்கு ஆசையும் பற்றும் காரணமாக இருக்கலாம், ஆனால் விதியில் அனுமதி இல்லை. கடைப் பெயர், ஓனர் பெயர், ஊர், தொலைபேசி எண் இவற்றைத் தமிழில் எழுதித்தான் நான் காலம் தள்ளினேன். ஒரு வண்டிகூட அதற்காகத் திரும்பி வந்ததில்லை. எடை விவரங்களை மட்டும் ஆங்கிலச் சுருக்கத்தில் எழுதிவிடுவேன், வெளிமாநிலத்தில் நிறுத்திக் கேட்டால் டிரைவர் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தமிழ் ஐந்து பங்கு, ஆங்கிலம் மூன்று பங்கு என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது கடைகளின் பெயர்ப் பலகைக்கு உள்ள விதி, வண்டிக்கு இல்லை.

ஓனர் பெயரும் முகவரியும் மாநில விதி சார்ந்தவை. நான் பார்த்த எஃப்.சி.க்கள் எதிலும் அதைக் கேட்காமல் விட்டதில்லை. கேபினின் இடது கதவில் எழுதுவதும், அதற்குக் கீழே எடை விவரங்களையும் எஃப்.சி. தேதியையும் எழுதுவதும் எங்கள் பக்கத்து வழக்கம். இவற்றுக்கு நான் வைத்துக்கொள்ளும் அளவு ஒரு அங்குலத்துக்குக் குறையாத எழுத்து. ஐந்தாறு அடி தள்ளி நின்று கண்ணாடி போட்ட ஒருவர் படிக்க முடிய வேண்டும் என்பதுதான் கணக்கு. இது என் அனுபவம், 65 மில்லிமீட்டர் மாதிரி விதியில் அச்சடித்த எண் இல்லை. ஆபீசுக்கு ஆபீஸ் மாறுவதும் இந்த வரிகள்தான்: ஒரு இன்ஸ்பெக்டர் எஃப்.சி. தேதி எழுதியிருக்கிறதா என்று பார்ப்பார், இன்னொருவர் இன்சூரன்ஸ் தேதியும் கேட்பார். எழுதுவதற்கு அரைமணி நேரம் ஆகாத விஷயம், வாதம் செய்ய வேண்டாம்.

'சவுண்ட் ஹாரன்', 'ஸ்டாப்', முகப்பில் குலதெய்வத்தின் பெயர், பின்னால் பிள்ளைகளின் பெயர், இவையெல்லாம் முழுக்க வழக்கம். எழுதலாம், எழுதாமலும் விடலாம். ஹாரன் அடிக்கச் சொல்லும் வாசகத்தை மகாராஷ்டிர அரசு 2015-இல் வணிக வண்டிகளில் தடையே செய்தது, தேவையில்லாமல் ஹாரன் அடிப்பதைத் தூண்டுகிறது என்று. தெய்வத்தின் பெயரை முன் கண்ணாடியில் பாதி உயரத்துக்கு ஒட்டாமல் கேபினின் நெற்றியில் எழுதுங்கள். கண்ணாடி மறைந்தால் அது தனிக் குற்றம். காவல், பிரஸ், வக்கீல் போன்ற ஸ்டிக்கர்கள் மேல் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2024 மே மாதம் முதல் நடவடிக்கை எடுத்ததைப் படித்திருப்பீர்கள்; எண்ணெய் வண்டிக்கு அதெல்லாம் எதற்கு? உங்கள் செக்கின் பெயரையும் சின்னத்தையும் பக்கப் பலகையில் எழுதுவதில் இதுவரை யாரும் தொல்லைப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் வேறு கம்பெனியின் விளம்பரத்தைக் காசு வாங்கிக்கொண்டு ஒட்டினால் போக்குவரத்துத் துறையின் அனுமதி கேட்பார்கள். வண்டி முழுக்க ஸ்டிக்கர் சுற்றி அடிநிறமே மாறிப்போனால், ஆர்.சி.யில் உள்ள நிறத்தோடு பொருந்தாது, அதுவும் சிக்கல். நிறத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால்: ராணுவத்தின் ஆலிவ் பச்சையை வேறு எந்த வண்டிக்கும் அடிக்கக் கூடாது. பச்சை நிறம் எண்ணெய்க் கடைக்கு ராசி என்று எழுதியிருந்தீர்களே, வேறு பச்சையாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒளிரும் பட்டை எழுத்தில் சேராது, ஆனாலும் எஃப்.சி.யில் அதையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள். கடையில் கிடைக்கும் சாதாரண ரேடியம் பட்டையை ஒட்டாமல், ஏ.ஐ.எஸ். 090 என்ற வாகனத் துறைத் தர முத்திரை அச்சிட்ட பட்டையை வாங்குங்கள். முத்திரை இல்லாவிட்டால் பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டச் சொல்வார்கள். கடைப் பெயரை ரேடியத்தில் வெட்டும்போதும், முன்பக்கத்தில் சிவப்பு ஒளிர்வும் பின்பக்கத்தில் வெள்ளை ஒளிர்வும் வேண்டாம் என்று பெயின்டரிடம் சொல்லிவிடுங்கள். இரவில் எதிரே வருகிறவனுக்கு உங்கள் வண்டி வருகிறதா போகிறதா என்று தெரியாமல் போய்விடும்.

ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. பழைய வண்டி வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். மாறவில்லை என்றால் அதை முடித்துவிட்டுப் பெயரை எழுதுங்கள், ஆர்.சி.யில் ஒருவர், கதவில் இன்னொருவர் என்றால் எடை விஷயத்தில் சொன்ன அதே கதைதான். பழைய ஓனரின் பெயரைத் தின்னரில் துடைத்து அழிக்க வேண்டாம், வெயிலில் நிழல் மாதிரி திரும்பத் தெரியும். அந்த இடத்தைத் தேய்த்து, ஒரு பூச்சு அடித்துக் காயவிட்டு மேலே எழுதச் சொல்லுங்கள். எனாமல் முழுசாகக் காய இரண்டு நாள் வேண்டும். எஃப்.சி.க்கு முந்தின நாள் சாயங்காலம் ஓடிவந்து எழுதச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். காலையில் டிரைவர் கதவைச் சாத்தும்போது கைபட்டு 1300-இல் உள்ள 3 எட்டாகிவிடும். ஒரு வாரம் முன்னாலேயே எழுதி வாங்கி, ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக நீங்களே ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.